தொண்டுக்குப் புறப்படும் மகள்: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் ஒரு பகுதியான ரீயூனியன் தீவின் செயின்ட்-ஆந்த்ரேயிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவர் காரைக்காலில் பிறந்தவர். கணவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பம். திருமணமாகி இந்தத் தீவுக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், வயது 19. பள்ளி இறுதியில் பாக் தேறி, செயின்ட்-தெனியில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவள், "இது எனக்கான படிப்பு இல்லை" என்று முதல் ஆண்டின் நடுவிலேயே விட்டுவிட்டாள். சில மாதங்கள் அறைக்குள்ளேயே இருந்தவள், இப்போது மடகாஸ்கருக்குப் போய் ஓர் அநாதை இல்லத்தில் பத்து வாரம் தொண்டு செய்யப்போவதாகச் சொல்கிறாள். இணையத்தில் பார்த்த ஓர் ஐரோப்பிய நிறுவனம் ஏற்பாடு செய்கிறது. கட்டணம் 2,450 யூரோ, விமான டிக்கெட் தனி. 300 யூரோ முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதிக்குச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா என்று தாய் யோசிக்கிறார்.

இதற்கிடையே பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்று அவளை எட்டு மாத செர்வீஸ் சிவீக்குக்கு, அதாவது அரசு உதவித்தொகையோடு இளைஞர்கள் செய்யும் குடிமைத் தொண்டுக்கு, தேர்ந்தெடுத்திருக்கிறது. "பிள்ளைகளோடு வாசிப்பு" என்பது அறிவிப்பில் உள்ள வேலை. ஆனால் போன ஆண்டு அங்கே இருந்த பெண்ணைக் கேட்டால், வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுத்ததுதான் நாள் முழுவதும் வேலை என்கிறாள். சம்பளத்தில் இருந்த ஒருவரை அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தன்னை உட்கார வைத்தார்கள் என்றும் சொல்கிறாள்.

தாய் கேட்கிறார்: மகளைப் பெற்றோர் தடுக்க முடியுமா? நிறுவனத்துக்குக் கட்டும் பணத்தை நன்கொடையாகக் காட்டி வரிச்சலுகை பெறலாம் என்கிறார்களே, உண்மையா? செர்வீஸ் சிவீக் என்பது வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் கைச்செலவுக் காசுதானே, அதில் ஓர் ஆண்டை வீணாக்க வேண்டுமா? பாதியில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா?

அன்புள்ள சகோதரி,

கட்டணக் கணக்கைவிட உங்கள் கடிதத்தில் வேறொரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "நாலு மாதமாகச் சாப்பாட்டுத் தட்டை அவள் அறை வாசலில் வைத்துவிட்டு வருவேன். இந்தப் பேச்சு வந்த பிறகுதான் மேசைக்கு வந்து எங்களோடு உட்காருகிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். படிப்பை விட்ட வெட்கத்தில் ஒடுங்கிக் கிடந்த பெண்ணுக்கு, தன்னால் யாருக்கோ பயன் உண்டு என்ற நினைப்பு வந்திருக்கிறது. அவள் தேர்ந்தெடுத்த வழி தவறாக இருக்கலாம், அந்த நினைப்பு தவறில்லை. அதனால் "வேண்டாம்" என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

தடுப்பது பற்றிச் சட்டத்தின் பதில் சுருக்கமானது. பிரான்ஸில் 1974 முதல் 18 வயது நிறைந்தவர் தன் முடிவுகளுக்குத் தானே உரியவர். ஒப்பந்தத்துக்கோ பயணத்துக்கோ பெற்றோரின் கையெழுத்து வேண்டியதில்லை. நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கக் கோரும் மனு, வயது வராத பிள்ளைகளுக்கானது. உங்கள் கையில் இருப்பவை இரண்டு: உங்கள் பணம், உங்கள் கேள்விகள். அந்த இரண்டுமே பெரியவைதான்.

அந்த 2,450 யூரோ எங்கே போகிறது

நீங்கள் இணைத்திருந்த கட்டணச் சீட்டை இரண்டு முறை வாசித்தேன். பதிவும் நிர்வாகமும் 300. தங்குமிடம், உணவு 1,150. விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்ல 90. உள்ளூர் ஒருங்கிணைப்பு 560. இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசி உதவி 180. பையும் டி-சட்டையும் 40. சான்றிதழ் 130. கூட்டினால் சரியாக 2,450 வருகிறது. இந்த ஏழு வரிகளில் அந்தக் குழந்தைகளுக்கென்று ஒரு யூரோவும் இல்லை. இல்லத்தின் பெயர் எங்கும் இல்லை. காப்பீடும் இல்லை, "பங்கேற்பாளரே செய்துகொள்ள வேண்டும்" என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது.

வரிச்சலுகை பற்றி உங்களுக்குச் சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். பொதுநலச் சங்கத்துக்குக் கைம்மாறு எதிர்பாராமல் கொடுக்கும் பணத்துக்குத்தான் 66 சதவீத வரிக்கழிவு உண்டு. இங்கே தங்குமிடமும் சாப்பாடும் வாங்குகிறீர்கள். வாங்குபவரும் விற்பவரும் இருக்கிற இடத்தில் நன்கொடை என்ற பேச்சுக்கு இடமில்லை. அதுவும் நீங்கள் அனுப்பிய தாளின்படி அது சங்கமே அல்ல, ஒரு வணிக நிறுவனம்.

இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் கணவர் நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை பொருள்களுக்கும் பல சேவைகளுக்கும் உண்டு. ஆனால் குறிப்பிட்ட தேதிக்கென்று விற்கப்படும் தங்குமிடம், பயணத் தொகுப்பு போன்றவற்றுக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே 300 யூரோ திரும்பி வருமா என்பது அந்த நிறுவனத்தின் ரத்து விதிகளைப் பொறுத்தது. அவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரான்ஸில் நிலைகொண்டு பயணத் தொகுப்பு விற்கும் நிறுவனம், நாட்டின் சுற்றுலா வளர்ச்சி அமைப்பான ஆதூ பிரான்ஸ் நடத்தும் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும், நிதி உத்தரவாதமும் வைத்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். வருகிற பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். அந்த 300 போனாலும் போகட்டும். போன பணத்தைக் காப்பாற்ற மீதி 2,150-ஐயும் போடுவதுதான் இழப்பு. சீட்டைத் தள்ளி எடுக்காதீர்கள்.

இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி

உங்கள் மகளுக்குக் கோபம் வரக்கூடிய பகுதி இது. ஆனாலும் அவள் இதை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த நிறுவனம் அவளிடம் என்னென்ன கேட்டது? பாஸ்போர்ட் நகல், ஒரு புகைப்படம், டி-சட்டையின் அளவு. குற்றப் பதிவுச் சான்றைக் கேட்கவில்லை. பிரான்ஸில் அந்தச் சான்றின் மூன்றாம் எண் பிரதியை யாரும் இலவசமாக இணையத்திலேயே பெறலாம். சில நிமிட வேலை. உங்கள் மகளிடம் அதைக் கேட்காதவர்கள், அவளுக்கு முன்னும் பின்னும் அந்தக் குழந்தைகளின் அறைக்குள் நுழைகிற எவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். என் தொழிலில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்தியது இதுதான்.

இல்லங்களில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோரை இழந்தவர்கள் என்பது நம்மில் பலர் நம்புவது. பல நாடுகளில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. வெளிநாட்டு இளைஞர்கள் கட்டணம் கட்டி வரத் தொடங்கியதும், பிள்ளைகள் இருந்தால்தான் வருமானம் என்ற நிலை சில இடங்களில் உருவானது. குழந்தைகளைத் தேடிப்பிடித்து இல்லத்தில் சேர்ப்பதுகூட நடந்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை குழந்தை உரிமைத் தீர்மானத்தில், இல்லங்களுக்குத் தொண்டர்களை அனுப்பும் சுற்றுலாத் திட்டங்களின் தீங்கைக் குறிப்பிட்டே சொன்னது. உங்கள் மகள் போகும் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பெயரே தெரியாத இல்லத்தைப் பற்றி நானோ நீங்களோ அவளோ எதுவும் சொல்ல முடியாது என்பதே என் வருத்தம்.

நல்ல இல்லமாகவே இருக்கட்டும். அங்கே ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இவளிடம் ஒட்டிக்கொள்ளும். பத்தாவது வாரம் இவள் விமானம் ஏறுவாள். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு அக்கா வருவாள், அவளும் போவாள். வருகிற ஒவ்வொருவருக்கும் அது ஒரே ஒரு பிரிவு. அந்தப் பிள்ளைக்கு எத்தனையாவது?

இந்தத் தீவில் வாழும் நமக்கு இதை வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1962 முதல் 1984 வரை இங்கிருந்து குறைந்தது 2,015 பிள்ளைகளை, நல்ல படிப்பு, நல்ல எதிர்காலம் என்று சொல்லி பிரான்ஸின் ஆள்குறைந்த கிராமப்புறங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள க்ரூஸ் என்ற மாவட்டத்தை வைத்து க்ரூஸ் பிள்ளைகள் என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. பலருக்கு இங்கே தாய் தந்தையர் இருந்தார்கள். வாசிக்கத் தெரியாத தாய்மார் தாளில் என்ன இருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்தார்கள். விடுமுறைக்குப் பிள்ளை வந்துவிடும் என்று காத்திருந்தார்கள். பிரெஞ்சு நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஒப்புக்கொள்ள 2014 பிப்ரவரி 18 வரை ஆனது. நன்மை செய்கிறோம் என்று நம்பியே அதில் பங்கெடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். இதை உங்கள் மகள் பள்ளியில் கேட்டிருப்பாள். அந்தத் தாய்மாரின் இடத்தில் மடகாஸ்கரின் ஒரு மலகாசித் தாயை வைத்து நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவை சுருக்கமாக. சுற்றுலா விசாவில் நுழைந்து வேலை செய்வது, சம்பளமில்லா வேலையானாலும், பல நாடுகளில் சிக்கலாகும். செயின்ட்-தெனியில் மடகாஸ்கரின் துணைத் தூதரகம் இருக்கிறது, நேரில் கேட்டுவிடலாம். நம் தீவில் மலேரியா இல்லை, அங்கே உண்டு. மலைப்பகுதிகளில் பிளேக்கும் ஆண்டுதோறும் தலைகாட்டுகிறது. மருத்துவரைப் பார்க்காமல், நோயாளியை விமானத்தில் திருப்பிக் கொண்டுவரும் காப்பீடு இல்லாமல் யாரும் புறப்படக் கூடாது.

செர்வீஸ் சிவீக் கைச்செலவுக் காசு அல்ல

சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் முற்றிலும் மறுக்க வேண்டிய இடம் இதுதான்.

2010 மார்ச் 10 சட்டம் உருவாக்கிய ஏற்பாடு இது. 16 முதல் 25 வயது வரை, மாற்றுத்திறனாளிகளுக்கு 30 வரை. பட்டம் வேண்டாம், அனுபவம் வேண்டாம், விருப்பம் இருந்தால் போதும் என்பது அதன் அடிப்படை. படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு "நீ தோற்றவள்" என்று சொல்லாத கதவு இந்த நாட்டில் அதிகம் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை, வாரத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம். மாதத் தொகை மொத்தம் 600 யூரோவுக்குச் சற்று மேல். பெரும்பகுதியை அரசே நேராக அவள் கணக்கில் போடும், மீதி சுமார் 115 யூரோவைச் சங்கம் பணமாகவோ சாப்பாடு, பயணச் செலவு போன்ற வகையிலோ தர வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள் விடுப்பு உண்டு. மருத்துவக் காப்பும் விபத்துக் காப்பும் உண்டு. அந்த மாதங்கள் ஓய்வூதியக் கணக்கிலும் சேரும். முதலுதவிப் பயிற்சியும் குடிமைப் பயிற்சியும் இலவசம். தியூத்தர் என்ற வழிகாட்டி ஒருவர் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட வேண்டும். அடுத்து என்ன செய்யலாம் என்று அவளோடு உட்கார்ந்து பேசுவதும் அவர் கடமை.

ஒரு பக்கம் 2,450 யூரோ கொடுத்துப் பெறும் டி-சட்டை. இன்னொரு பக்கம் இது.

நான் மாதம் ஒரு நாள் கிழக்குக் கரையில் ஒரு சமூக மையத்தில் இலவசச் சட்ட ஆலோசனைக்கு உட்காருவேன். அங்கே செர்வீஸ் சிவீக் செய்துகொண்டிருந்த இருபது வயதுப் பெண் ஒருத்தி. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த மல்பார் (இந்தத் தீவின் தமிழ் வம்சாவளி) பாட்டி ஒருவர், கஃப் என்று நாம் சொல்லும் குடும்ப உதவித்தொகை அலுவலகத்தின் கடிதத்தோடு வந்தார். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. பணத்தைப் பறிக்கப்போகிறார்கள் என்ற பயம் மட்டும் முகத்தில் இருந்தது. அந்தப் பெண் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளவில்லை. பாட்டியின் முன்னாலேயே வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மெதுவாகச் சொன்னாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது. பேனாவைப் பாட்டியின் கையில் கொடுத்து, "நீங்களே போடுங்கள்" என்றாள். பாட்டி போட்ட கோடு நடுங்கிக்கொண்டே போய்க் கட்டத்துக்குள் நின்றது. எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை. அந்தப் பெண் இன்று சமூகப் பணி படிக்கிறாள். எட்டு மாதத்தில் அவள் எதைக் கற்றாள் என்று யாராவது கேட்டால், அந்தப் பேனாவைக் கைமாற்றியதைச் சொல்வேன்.

அந்தப் பாட்டியின் மொழி, பயம், சங்கடம் எல்லாம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். உங்கள் மகளுக்கும் தெரியும். பத்து வாரத்துக்குப் போகிறவளுக்கு மலகாசி மொழியில் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கக்கூடத் தெரிந்திருக்காது.

வரவேற்பு மேசை விஷயம்

அந்தச் சங்கத்தைப் பற்றிய உங்கள் சந்தேகம் நியாயமானது. சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. தொண்டர் சம்பளக்காரருக்கு மாற்றாள் அல்ல. ஒரு வேலையைச் செய்துவந்த ஊழியரின் ஒப்பந்தம் முறிக்கப்பட்டு ஓராண்டு முடியாத நிலையில், அதே வேலையைத் தொண்டருக்குக் கொடுத்து ஒப்பந்தம் போடவே கூடாது என்று தேசிய சேவைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. போன ஆண்டுப் பெண் சொன்னது உண்மையானால் அது மீறல். அவள் ஒருத்தியின் பேச்சை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வாய்ப்பை உதற வேண்டாம், கேட்டுத் தெளியுங்கள்.

எப்படிக் கேட்பது? குற்றம் சாட்டும் குரலில் வேண்டாம். கையெழுத்துக்கு முன் தியூத்தரை ஒரு முறை சந்திக்க வேண்டும் என்று உங்கள் மகளே கேட்கட்டும். ஒரு சாதாரண வாரத்தில் திங்கள் முதல் வெள்ளி வரை என்ன நடக்கும், வாசிப்பு எந்தக் குடியிருப்பில், எத்தனை மணிக்கு, எத்தனை பிள்ளைகளோடு என்று கேட்கட்டும். அவள் வராவிட்டால் அந்த வாசிப்பு நடக்குமா என்றும் கேட்கட்டும். நடக்கும் என்றால் நல்லது. அது சங்கத்தின் வேலை, இவள் துணைக்குப் போகிறாள். இவள் இல்லாமல் சங்கத்தின் கதவே திறக்காது என்றால் இவளைத் தொண்டர் என்ற பெயரில் வேலைக்கு வைக்கிறார்கள். போன் எடுப்பதே கூடாது என்பதில்லை. யாரும் அருகில் இல்லாதபோது எடுப்பாள். நாள் முழுவதும் அதுவே என்பதுதான் கூடாதது.

பணி விவரம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். "சங்கத்தின் பல்வேறு பணிகளில் உதவி" என்று மட்டும் இருந்தால் கையெழுத்திட வேண்டாம், விவரமாக எழுதித் தரச் சொல்லலாம். சேர்ந்த பிறகு வழி மாறினால் முதலில் தியூத்தரிடம், பிறகு கல்வித்துறையின் இளைஞர் பிரிவில் செர்வீஸ் சிவீக்குக்குப் பொறுப்பான அதிகாரியிடம் எழுத்தில் சொல்லலாம். தேதி போட்டு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளட்டும்: இன்று என்ன செய்தேன், எத்தனை மணி நேரம். சண்டைக்கு மட்டும் அல்ல, நன்றாக நடந்தாலும் பின்னால் தன் அனுபவத்தை எழுத அது உதவும்.

பாதியில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உழைத்த மாதங்களின் தொகை அவளுடையது, அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. பொதுவாக ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். நிரந்தர வேலையோ ஆறு மாதத்துக்குக் குறையாத வேலையோ கிடைத்தால் அதுகூட வேண்டாம். அதே நேரத்தில் இன்னொன்றையும் அவள் அறிய வேண்டும்: செர்வீஸ் சிவீக் வாழ்நாளில் ஒரு முறைதான். அதனால்தான் வரவேற்பு மேசையில் அதைச் செலவழித்துவிடக் கூடாது என்று இவ்வளவு சொல்கிறேன்.

வெளிநாடு என்ற ஆசை

அதை அணைக்க வேண்டாம். செர்வீஸ் சிவீக்கையே வெளிநாட்டில் செய்ய வழியுண்டு. அனுமதி பெற்ற சங்கம் அனுப்ப வேண்டும், தொகையும் காப்பும் அப்படியே தொடரும். அதைவிடப் பெரியது வே.எஸ்.இ. எனப்படும் பன்னாட்டுத் தோழமைத் தொண்டு. 2005 பிப்ரவரி 23 சட்டத்தின்படி, வெளியுறவு அமைச்சகத்தின் அங்கீகாரம் பெற்ற சங்கம் 18 வயது நிறைந்தவரோடு ஒப்பந்தம் செய்து அனுப்புகிறது. ஒரே மூச்சில் இரண்டு ஆண்டு வரை இருக்கலாம். புறப்படும் முன் பயிற்சி, மாதாந்தர உதவித்தொகை, மருத்துவக் காப்பு, திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடு எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ரீயூனியன் பிராந்திய நிர்வாகமும் அண்டை நாடுகளுக்கு நம் இளைஞர்களை அனுப்ப நிதி அளித்திருக்கிறது. பிரான்ஸ் வொலொந்தேர் என்ற பொது அமைப்பில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். ஐரோப்பிய ஒற்றுமைப் படையும் 18 முதல் 30 வயதுக்காரர்களுக்குத் திறந்திருக்கிறது.

உள்ளதைச் சொல்கிறேன்: 19 வயதில், கையில் தொழில் இல்லாமல், வே.எஸ்.இ. கிடைப்பது கடினம். பெரும்பாலும் செவிலியர், ஆசிரியர், வேளாண்மை தெரிந்தவர், கணக்குத் தெரிந்தவர் என்றுதான் கேட்பார்கள். கேட்பதும் சரிதான். 2004 சுனாமிக்குப் பிறகு நான் ஊருக்குப் போயிருந்தேன். நாகப்பட்டினம் செல்லும் சாலையோரத்தில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன, குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகள் உட்பட. மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. பிச்சைக்காரர்களாக நினைத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். அவர்களுக்கு வேண்டியிருந்தது படகும் வலையும் நல்ல தண்ணீரும். அதே கடற்கரையில் படகு எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்த ஓர் இளைஞனையும் பார்த்தேன். தமிழ் ஒரு சொல் தெரியாது. அவனைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நின்றார்கள். போகும்போது எதைக் கொண்டுபோகிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

உங்கள் மகள் முதலில் இங்கே எட்டு மாதம் செய்யட்டும். பிள்ளைகளோடு இருப்பது தனக்கு ஒத்துவருகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பிறகு அதற்கான படிப்பு, பிறகு மடகாஸ்கர். வேண்டுமானால் புதுச்சேரியோ தமிழ்நாடோ. அங்கே அவள் வீட்டில் பேசிய தமிழ், மற்ற பிரெஞ்சு இளைஞர்களிடம் இல்லாத சொத்து.

இங்கே வேலையே இல்லாததுபோல் அவள் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் அடித்த மறுநாள் உங்கள் தெருவில் மரம் வெட்டி வழி திறந்தவர்கள் யார் என்று அவளுக்கு நினைவிருக்கும். அதே ஆண்டு சிக்குன்குனியா பரவியபோது வீடு வீடாகப் போய்த் தண்ணீர் தேங்கிய தட்டுகளைக் கவிழ்க்கச் சொன்னவர்களும் உண்டு. ஏப்ரல் வாக்கில் தெருவிளக்கால் திசை தவறி விழும் பெத்ரெல் என்ற கடற்பறவையின் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் எடுத்துப் போய்க் காப்பாற்றுகிறவர்களில் பலர் அவள் வயதுக்காரர்கள்.

மகளைப் பற்றி உறவினர் பேசுவதைக் குறித்து நீங்கள் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அதற்கு என்னிடம் சட்டம் இல்லை. நாலு மாதம் அறை வாசலில் தட்டு வைத்தபோது அவர்களில் யார் வந்து விசாரித்தார்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிறுவனத்துக்கு மீதிப் பணம் அனுப்ப வேண்டாம். ரத்து விதி, பதிவு எண், இல்லத்தின் பெயர் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சங்கத்திடமிருந்து ஒப்பந்த நகலை முன்கூட்டியே வாங்குங்கள். அவள் ஒரு முறை இளைஞர்களுக்கு வேலைக்கும் படிப்புக்கும் வழிகாட்டும் மையமான மிசியோன் லோக்காலுக்குப் போய் வரட்டும். 16 முதல் 25 வயது வரை இலவசம், உங்களை விடவும் என்னை விடவும் அவர்களிடம் அவள் மனம் திறந்து பேசக்கூடும்.

பிறகு ஒரு நாள் இரவு, சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்த பின், கட்டணச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் இடையில் பேசாதீர்கள். ஒப்பந்தத்தில் புரியாத வரி எதுவாக இருந்தாலும் அடிக்கோடிட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்த முறை கடிதத்தை அவளே எழுதட்டும்.